தரங்கம்பாடிக்கு வார இறுதியில் தனியாகச் செல்ல விரும்புகிறேன், வழி சொல்லுங்கள்

தாம்பரத்துவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களையும் கடலோர ஊர் ஒன்றில் தனியாகக் கழிக்க விரும்புகிறேன். எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மார்ச் பிறந்துவிட்டால் நிதியாண்டு முடிகிற வேலை கழுத்தைப் பிடிக்கும். அதற்கு முன் இரண்டு நாட்களாவது யாருக்கும் சமைக்காமல், யாருடைய நேரத்துக்காகவும் ஓடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை பல காலமாக மனத்தில் இருக்கிறது. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தனியாகப் போய் என்ன செய்வாய் என்று மட்டும் வியப்போடு கேட்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் வார இறுதியில் பாதிச் சென்னை வந்துவிடுகிறது என்பதால் அவ்விரண்டையும் விலக்கிவிட்டேன். தரங்கம்பாடியைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்த ஊரே மனத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்கி, சனிக்கிழமை பூம்புகாரையும் திருக்கடையூரையும் பார்த்துவிட்டு இரவு தரங்கம்பாடியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய மூன்றையும் முடித்துக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்பலாம் என்பது என் எண்ணம். இது சரிப்படுமா? தனியாக வரும் பெண்ணுக்கு விடுதிகளில் தயங்காமல் அறை தருகிறார்களா? மாலையில் கடற்கரையில் தனியாக நடக்கலாமா? கடலில் இறங்கிக் குளிக்க முடியுமா? அந்தப் பகுதியை அறிந்தவர்கள் தெளிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பொறையார்க்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. தரங்கம்பாடிக்கு அடுத்த ஊரான பொறையாரில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்ப்பக்கம் வர நினைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் திட்டத்தைப் படித்ததும், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முதல் பத்தியில் எழுதியவர்தான் அடுத்த பத்தியில் ஆறு ஊர்களுக்குப் பேருந்து மாறப் போகிறாரா என்று கேட்கத் தோன்றியது. பூம்புகார் வடக்கே, வேளாங்கண்ணி தெற்கே. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சாலையில் உங்கள் இரண்டு நாளும் பேருந்து சன்னலோரத்திலேயே கழிந்துவிடும். தரங்கம்பாடி ஒன்றையே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரே ஊரில் இரண்டு நாள் என்ன செய்வது என்று நீங்கள் யோசிக்கலாம். நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டு இறங்கினால், 1792இல் கட்டப்பட்ட பழைய நகர வாயில் இருக்கும். அதனுள் நுழைந்தால் ராஜவீதி. அந்த வீதி நேரே கடலுக்குத்தான் போகிறது. நடை தூரம் அதிகமில்லை என்றாலும் அதைக் கடக்க ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் அதே வீதியில்தான் இருக்கின்றன. 1706 ஜூலையில் இக்கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, 1719இல் இங்கேயே மறைந்தார். அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அச்சுக்குத் தாள் வேண்டி எங்கள் பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றும் வைத்தார்கள். அந்த இடத்தை நாங்கள் இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் சொல்கிறோம்.

வீதியின் முடிவில் டேனிஷ் கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620இல் டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் எழுந்தது அது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை இந்த ஊர் அவர்கள் கையில் இருந்தது. கீழ்த்தளத்துச் சரக்கறைகளையும் சிறையறைகளையும் பார்த்துவிட்டு மேல்தளத்துக்கு ஏறுங்கள். நண்பகல் வெயிலில் கடற்கரை கொதிக்கும்போதும், அந்தத் தடித்த சுவர்களுக்குள் கடற்காற்று குளிர்ச்சியாக வரும். பகல் பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடையில் கடற்கரையில் நிழல் கிடையாது என்பதால், அந்த நேரத்தைக் கோட்டைக்கும் விடுதி அறைக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

கோட்டைக்கு வடக்கே கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்த சிவாலயம் அது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சியதைப் பிற்காலத்தில் திருப்பணி செய்து காத்திருக்கிறார்கள். மேலும் அரிக்காமல் இருக்க முன்னால் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை வந்து கல்லில் மோதும்போது கோயில் வாசலில் நிற்பவர் முகத்தில் உப்புத் துளி தெறிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. உறவுகளை இழக்காத மீனவக் குடும்பத்தைக் காண்பது அரிது. வெளியூரிலிருந்து வருபவர்கள் வந்த சற்று நேரத்திலேயே அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

தனிவழிக்காரி எழுதியது:

தோழிக்கு வணக்கம். மேலே நண்பர் ஊரைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். நான் தங்குவதையும் போவதையும் பற்றிச் சொல்கிறேன். தனியாகப் பயணம் செய்யும் பெண் என்ற முறையில் எனக்கு அவைதான் முதலில் தெரிய வேண்டியவை.

அறைக்கு இணையத்தில் பணம் கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசி, "நான் ஒரு பெண், தனியாக வருகிறேன், இன்ன நேரத்துக்கு வந்து சேர்வேன்" என்று சொல்லி, அவர்கள் கொடுக்கும் பதிலையும் குரலையும் கவனியுங்கள். எங்கள் சிறு நகரங்களில் தனியாக வரும் பெண்ணுக்கும், ஏன், தனியாக வரும் ஆணுக்கும்கூட அறை தர மறுக்கும் லாட்ஜுகள் இன்றும் உண்டு. அந்த மறுப்பை வரவேற்பு மேசையின் முன் கைப்பையோடு நின்று கேட்பதைவிட வீட்டில் இருந்தபடி கேட்டுக்கொள்வது மேல். பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குப் போனதும் உள்தாழ்ப்பாள், குளியலறைச் சன்னல், வாசல் விளக்கு மூன்றையும் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். குறை இருந்தால் வேறு அறை கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

தரங்கம்பாடியிலேயே தங்குவதானால் பழைய பங்களாக்களில் இயங்கும் விடுதிகள் கோட்டைப் பக்கம் இருக்கின்றன; வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். கையைக் கடித்தாலும் ஓர் இரவுக்கு அதைக் கொடுப்பதே நல்லது என்பேன். கடலுக்கு அருகில் அறை இருந்தால், இருட்டிய பிறகு வெளியில் இருந்து திரும்ப வேண்டிய தேவையே எழாது. மலிவாகக் காரைக்காலில் தங்கலாம் என்று யாராவது சொன்னால், திருநள்ளாற்றை நினைவில் கொள்ளுங்கள். சனீஸ்வரனைத் தரிசிக்க வருகிறவர்களால் வெள்ளிக்கிழமை மாலையிலேயே காரைக்கால் அறைகள் நிரம்பிவிடும். திருக்கடையூரிலும் அப்படித்தான். அறுபதாம் கலியாணமும் சதாபிஷேகமும் நடக்கும் நல்ல நாளாக அமைந்துவிட்டால் அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

ரயிலைப் பற்றி: சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகும் இரவு வண்டிகள் மயிலாடுதுறைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் விடிந்திருக்காது. இறங்கினால் நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே வெளிச்சம் வரும் வரை இருங்கள். இருட்டில் ஆட்டோ பேசிக்கொண்டு போக வேண்டாம். எழும்பூர்–காரைக்கால் விரைவு வண்டியில் இடம் கிடைத்தால் அது இன்னும் வசதி. வண்டி காரைக்காலோடு நின்றுவிடுவதால், நிறுத்தம் தவறிவிடுமோ என்ற பதற்றமின்றித் தூங்கலாம். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி வழியாகச் செல்லும் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். தூரமும் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டைக்கு முன்னால் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் வரை நீங்களும் அமைதியாக உட்காரலாம். அவர்கள் எழுந்து போகத் தொடங்கும்போது நீங்களும் எழுந்துவிடுங்கள். நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குட்பட்ட காரைக்கால் பகுதி என்பதால், மது மலிவு என்று வார இறுதியில் அங்கு போய் வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இரவில் கடற்கரையிலும் ஒதுங்குவார்கள். ஊர்க்காரர்கள் மேல் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இரவில் நிற்கக் கூடாது என்பது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். 112, 181 ஆகிய உதவி எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்வதோடு, தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் புறப்படும் முன்பே நிறுவிவிடுங்கள்.

கீழத்தஞ்சையான் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாற்றுக் கருத்தையும் கேள்வி கேட்டவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முதன்முறையாகத் தனியாகப் புறப்படும் ஒருவருக்கு, ஏழு மணிக்கு மேல் அடங்கிவிடும் தரங்கம்பாடியைவிட வேளாங்கண்ணிதான் ஏற்றது என்பது என் எண்ணம். அங்கே எந்த விலைக்கும் அறை உண்டு. பேராலயத்தின் சார்பிலும் தங்கும் இடங்கள் உண்டு. நேர்த்திக்கடனுக்காகத் தனியாக வரும் பெண்களைத் தினமும் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், தனியாக வந்தீர்களா என்று ஒருவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். இரவு நெடுநேரம் வரை சாப்பாடு கிடைக்கும், தெருவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். சனிக்கிழமை இரவை அங்கே கழித்து, பகலில் மட்டும் தரங்கம்பாடிக்குப் போய் வரலாம். ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவின்போது இந்த யோசனை உதவாது. பிப்ரவரியில் அந்தக் கவலை இல்லை.

தரங்கம்பாடியில் உணவுக்கும் சற்றுச் சிரமம்தான். விடுதியில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் மீன் குழம்போடு நல்ல சாப்பாடு கிடைக்கும். சொல்லாமல் இருந்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே போய்த் தேடினால், நெடுஞ்சாலைப் பக்கமோ பொறையாருக்கோதான் போக வேண்டும்.

பொறையார்க்காரன் எழுதியது:

கீழத்தஞ்சை நண்பர் உணவைப் பற்றிச் சொன்னது உண்மை. மதியமே இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வேளாங்கண்ணி விஷயத்தில்தான் நான் மாறுபடுகிறேன். பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சகோதரி கேட்பது அமைதி. கடைத்தெருவின் ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அதைத் தேட முடியாது. அதோடு, வேளாங்கண்ணியிலிருந்து தரங்கம்பாடிக்கு நாகப்பட்டினம், காரைக்கால் வழியாக வர வேண்டும். போக வரப் பாதி நாள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரங்கம்பாடியில் தங்குவதன் பயனே விடிகாலையில்தான் இருக்கிறது. கீழ்க்கரை என்பதால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுவதை அறை வாசலில் நின்றே பார்க்கலாம். பிப்ரவரியில் அது ஆறரை மணியை ஒட்டி நிகழும். அதற்குச் சற்று முன்பே படகுகள் கரை திரும்பத் தொடங்கிவிடும். மீன் இறங்கும் இடத்துக்குப் போனால் ஏலம் கேட்கும் குரல்களும், கூடையை இடுப்பில் அணைத்தபடி அடுத்த ஊருக்கு விற்கப் புறப்படும் பெண்களின் வேகமும் கண்முன் விரியும். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலை நேரத்தில் வழியை மறித்து நிற்காமல் ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அலைவாய்க்கரை எழுதியது:

கடலில் குளிப்பது பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. கடலோரப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன் அம்மா. தரங்கம்பாடியில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம். தனியாக இருக்கும்போது கட்டாயம் வேண்டாம்.

நம் சோழமண்டலக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரிந்து ஆழமாகிவிடும். முழங்கால் அளவு நீரில் நிற்கிறவர், அடுத்த எட்டிலேயே கழுத்தளவு நீரில் இருப்பார். திரும்பிச் செல்லும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால், நிற்கிற இடமே குழியாகும். இதைவிட ஆபத்தானது கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுவை நீரோட்டம். கரையில் வந்து மோதிய நீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, நுரை இருக்காது, நீரும் சற்றுக் கருத்துத் தெரியும். பழக்கமில்லாதவர்கள், இங்கேதான் கடல் அமைதியாக இருக்கிறது என்று எண்ணி அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போய் மூழ்கிவிடுவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

கோயிலுக்கு முன்னால் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம். ஈரத்தில் பாசி பிடித்த கல் வழுக்கும். கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் அடுத்த அலை காத்திருக்காது. கால் நனைக்க ஆசையாக இருந்தால், ஊர்க்காரர்கள் நனைக்கிற இடத்தில், அவர்கள் நிற்கிற தூரத்திலேயே நில்லுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் மிக நல்லது. வடகிழக்குப் பருவமழையும் புயல் காலமும் ஓய்ந்து, வானம் தெளிந்திருக்கும். கத்திரி வெயிலுக்கும் நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அப்போது வருகிறவர்களுக்கு மீனும் குறைவு, விலையும் அதிகம். நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையாக அமைந்தால், சூரியன் மேற்கே மறையும் நேரத்திலேயே நிலவு கடலுக்குள்ளிருந்து எழும். இருட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டு நீங்கள் அறைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்த நாட்களில் ஓதம், அதாவது கடல் நீரேற்றம், கூடுதலாக இருக்கும் என்பதால் கரையில் இன்னும் சற்றுத் தள்ளியே உட்காருங்கள்.

தாம்பரத்துவாசி எழுதியது:

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளியூர்க்காரி ஒருத்திக்காக இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் விட்டுவிட்டேன். பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமைக்குக் காரைக்கால் வண்டியில் பதிவு செய்யப் போகிறேன். கோட்டைப் பக்கத்து விடுதி ஒன்றில் தொலைபேசியில் பேசினேன். பேசியவர் ஓர் அம்மா. தனியாக வருகிறேன் என்றதும் எத்தனை மணிக்கு வண்டி என்று மட்டும் கேட்டார். காலைச் சிற்றுண்டிக்கு இட்லி வேண்டுமா, பொங்கல் வேண்டுமா என்று அடுத்த கேள்வி. அப்போதே எனக்குப் பாதி தயக்கம் போய்விட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை புதிய எருசலேம் ஆலயத்தில் வழிபாடு நடக்கும்போது, கிறித்தவர் அல்லாத நான் உள்ளே போய் உட்காரலாமா? வழிபாட்டை ஓரமாக இருந்து கேட்க விரும்புகிறேன். அடுத்து, திருக்கடையூர் அபிராமியை மட்டும் விட மனமில்லை. ஊர் திரும்பும் வழியில் பார்க்க முடியுமா?

பொறையார்க்காரன் எழுதியது:

தாராளமாகப் போகலாம் சகோதரி. வழிபாடு தொடங்குவதற்குச் சற்று முன்பே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுங்கள்; இடையில் எழுந்து நடப்பதும் படம் எடுப்பதும் மட்டும் கூடாது. சபையார் எழுந்து நிற்கும்போது நீங்களும் நின்றால் போதும். அப்பமும் திராட்சை ரசமும் வழங்கும் திருவிருந்துக்கு அழைக்கும்போது இருந்த இடத்திலேயே இருந்துவிடலாம். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். சீகன்பால்கு அடக்கமான இடத்தை வழிபாடு முடிந்து எல்லோரும் வெளியேறிய பிறகு, ஆலய ஊழியரிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள்.

திருக்கடையூருக்குக் கவலையே வேண்டாம். தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறை போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் செல்கின்றன. எட்டுக் கிலோமீட்டர் அளவு தூரம்தான். வெயில் தாழ்ந்து நான்கு மணி வாக்கில் அறையைக் காலி செய்து புறப்பட்டால், நடை திறந்திருக்கும் நேரத்தில் அபிராமியைத் தரிசித்துவிட்டு, இருட்டும் முன்பே மயிலாடுதுறை போய்ச் சேரலாம். இரவு வண்டியை மயிலாடுதுறையிலிருந்து பிடிக்கும்படி திரும்பும் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். காரைக்காலுக்குத் திரும்பப் போக வேண்டாம். பகல் முழுவதும் அறையை வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த விருந்தினர் வராவிட்டால் சிறு தொகைக்கு ஒப்புக்கொள்வார்கள்.

தனிவழிக்காரி எழுதியது:

ஒரு சேர்க்கை மட்டும். சில்லறை நோட்டுகளைப் போதிய அளவு கையில் வைத்திருங்கள். ராஜவீதிக்குள் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பிப் போக வேண்டாம். வண்டி எண், பெட்டி எண், விடுதியின் தொலைபேசி எண் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் மட்டும் பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லிவிட்டால் மணிக்கொரு அழைப்பு வராது. அலுவலக எண்ணையும் அந்த இரண்டு நாளைக்கு ஒலியடக்கி வைத்துவிடலாம்.